மூங்கிலுக்கு அரசு செய்யக்கூடியது என்ன?



நோன்புப் பெருநாள் நெருங்கும் நாள்களில் நம் நாட்டுச் சாலைகளின் ஓரத்தில் பச்சை மூங்கில் குழாய்களை வரிசையாகச் சாய்த்து வைத்து, நெருப்பு மூட்டி லெமாங் செய்வதை எல்லாரும் பார்த்திருப்போம். மூங்கிலுக்குள் வாழையிலை, இலைக்குள் புளுட் அரிசியும் தேங்காய்ப் பாலும். சாத்தே இறைச்சியைக் கோக்கும் குச்சியும் மூங்கில்தான். நம் வீட்டுச் சாமி மேடையில் எரிகிற ஊதுவத்தியின் நடுவில் இருப்பதும் மூங்கில்தான். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் சன்னலுக்கு வெளியே நீட்டித் துணி உலர்த்திய கழிகளும் மூங்கில்தான். தோட்டங்களில் கூடை, முறம், கோழிக்கூடு, திருவிழாப் பந்தல் என்று மூங்கில் புகாத இடம் இருந்ததில்லை. இத்தனைக்கும் அதைப் பயிர் என்று எண்ணி நட்டவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஆற்றோரத்தில் தானாக முளைத்தது, வேண்டும்போது வெட்டிக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டோம்.

இப்போது பல அரசாங்கங்கள் மூங்கில் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கின்றன. நம் நாட்டிலும் மலேசிய மரத்தொழில் வாரியம் 2021 முதல் 2030 வரையிலான மூங்கில் தொழில் வளர்ச்சிச் செயல்திட்டம் ஒன்றை வகுத்துள்ளது. கன்று கொடுப்பது, மானியம் கொடுப்பது, பயிற்சி கொடுப்பது என்று அரசு உதவி பல வடிவில் வரும். இவற்றுள் எது உழவனுக்கும் தொழிலாளிக்கும் உண்மையில் உதவுகிறது, எது காகிதத்தோடு நின்றுவிடுகிறது என்பதை ஒரு நாட்டின் அனுபவத்தைக் கொண்டு இன்று ஆராய்வோம். அந்த நாடு இந்தியா. நூறு ஆண்டுகளாக அங்குள்ள அரசுகள் மூங்கிலுக்கு நன்மையும் செய்திருக்கின்றன, தீமையும் செய்திருக்கின்றன. இரண்டும் எழுத்தில் பதிவாகியிருப்பதால் பாடம் கற்பது நமக்கு எளிது.

முதலில் ஓர் எளிய கேள்வி. மூங்கில் மரமா, புல்லா? வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகளில் பெரும்பாலோர் மரம் என்றே கையுயர்த்துவார்கள். அறுபது எழுபது அடி உயரம் நிற்கும் ஒன்றைப் புல் என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் தாவர இயல்படி மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. நெல்லும் கரும்பும் சோளமும் அதற்குச் சுற்றம். முளை மண்ணை விட்டு வெளியே வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடுகிறது. பிறகு மரம் போல ஆண்டுக்கு ஆண்டு அது பருப்பதில்லை. இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன்பின் மூன்று, நான்கு ஆண்டுகள் உயராமலும் பருக்காமலும் நின்று வைரம் ஏறுகிறது. அந்த வைரமும் வெளிச்சுவரில்தான். உள்ளே வெறும் கூடு.

நம் தொல்காப்பியர் மரபியலில் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். வெளிப்புறத்தில் வைரம் உடையது புல், உள்ளே வைரம் உடையது மரம் என்பது அவர் செய்த பாகுபாடு. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் கத்தியும் கண்ணும் கொண்டு செய்த பாகுபாடு இது. இதன்படி மூங்கில் ஐயமின்றிப் புல்.

இது புலவர்கள் வாதிட்டுக்கொள்ளும் சொற்போர்தானே, உழவனுக்கு இதனால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். உழவனுக்கு இதில்தான் எல்லாமே இருந்தது. 1927-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சியில் இந்திய வனச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இரண்டாம் பிரிவு சொற்களுக்கு விளக்கம் தருவது. மரம் என்ற சொல்லில் பனை இனங்களும், மூங்கிலும், அடிக்கட்டையும், புதரும், பிரம்பும் அடங்கும் என்று அங்கே எழுதி வைத்தார்கள். ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரியால் மூங்கில் மரமாயிற்று, வெட்டிய மூங்கில் வெட்டுமரமாயிற்று. வெட்டுமரத்தை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒருவர் தம் சொந்தக் கொல்லையில், தம் கையால் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த மூங்கிலைச் சந்தைக்கு ஏற்றிச் செல்ல வேண்டுமானாலும், பல மாநிலங்களில் அலுவலகப் படியேறிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. சீட்டு இல்லாமல் ஏற்றினால் வழியில் வண்டியை நிறுத்துவார்கள்.

கரும்பு வெட்ட யாரும் அனுமதி கேட்பதில்லை. அதே குடும்பத்துப் புல்லான மூங்கிலுக்கு மட்டும் இத்தனை பூட்டு. இந்த நிலையில் உழவன் ஏன் மூங்கில் நடப்போகிறான்? நடுவது அவன் உரிமை, வெட்டுவது அதிகாரியின் விருப்பம் என்றால், வயல் வரப்பில் தானாக முளைத்ததைக்கூட வேரோடு பிடுங்கிப் போடத்தான் தோன்றும்.

2006-ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களுக்கும் பிறருக்கும் உரிமை வழங்கும் சட்டம் அது. அதில் மூங்கிலைச் சிறு வனப்பொருள்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். தேன், மெழுகு, அரக்கு, பீடி இலை இவற்றோடு மூங்கிலும் இடம்பெற்றது. சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. ஆக ஒரே நாட்டில் ஒரு சட்டப் புத்தகத்தில் மூங்கில் மரம், மற்றொரு சட்டப் புத்தகத்தில் மரமல்லாத வனப்பொருள். வனத்துறை பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டது. மக்கள் புதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்று ஒரு சிற்றூர் உண்டு. கோண்டு இனப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். தங்கள் ஊர்க் காட்டின் மீது சட்டப்படி கூட்டுரிமை பெற்ற முதல் ஊர்களில் அதுவும் ஒன்று. உரிமை கிடைத்த பின்னும் மூங்கிலை வெளியே எடுத்துச் செல்லும் சீட்டை வனத்துறை கொடுக்கவில்லை. காடு உங்களுடையது, மூங்கிலும் உங்களுடையது, ஆனால் ஊர் எல்லையைத் தாண்டி அது போகக்கூடாது என்றால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரார் விடவில்லை. ஆண்டும் பெண்ணுமாக ஊர் மன்றத்தில் கூடிப் பேசி, எழுத்து மேல் எழுத்தாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2011 ஏப்ரல் 27-ஆம் நாள் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷும் மாநில முதலமைச்சர் பிருத்விராஜ் சவானும் அந்த ஊருக்கே நேரில் சென்று, அனுமதிச் சீட்டுப் புத்தகத்தை ஊர் மன்றத்தின் கையில் ஒப்படைத்தார்கள். அன்று முதல் சீட்டு எழுதுவது ஊரார் பொறுப்பு. அரசு அங்கே பணமும் கொடுக்கவில்லை, கன்றும் கொடுக்கவில்லை. அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கைமாற்றியது. அந்த ஊருக்கு அரசு செய்த உதவிகளில் அதைவிடப் பெரியது வேறு இருக்குமா என்பது எங்களுக்கு ஐயமே.

சொந்த நிலத்தில் வளர்ப்போருக்கு விடுதலை இன்னும் தாமதமாக வந்தது. 2017 நவம்பர் 23-ஆம் நாள் ஓர் அவசரச் சட்டத்தின் வழி, 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மர விளக்கத்திலிருந்து மூங்கில் என்ற சொல்லை நீக்கினார்கள். அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. தொண்ணூறு ஆண்டுகள் மரமாக இருந்த மூங்கில் மீண்டும் புல்லாயிற்று. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை வெட்டவும் கொண்டுபோகவும் அந்தச் சட்டத்தின் கீழ் இனி அனுமதி வேண்டியதில்லை. காட்டுக்குள் இருக்கும் மூங்கிலுக்கு வனச் சட்டத்தின் கட்டுப்பாடு தொடர்கிறது. மாநிலங்களும் தத்தம் விதிகளைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லா மாநிலங்களும் ஒரே வேகத்தில் திருத்தவில்லை. தலைநகரில் ஒரு சொல்லை நீக்கிவிடலாம், சோதனைச் சாவடியில் நிற்பவரின் மனத்திலிருந்து அதை நீக்க நாளாகும்.

இவ்வளவு காலம் இந்திய அரசு மூங்கிலைத் திரும்பியே பார்க்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பார்த்தது, மிக நன்றாகவே பார்த்தது. ஆனால் யாருக்காகப் பார்த்தது என்பதே கேள்வி. மூங்கில் நார் நீளமானது, காகிதம் செய்ய ஏற்றது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. உடனே 1925-இல் மூங்கில் காகிதத் தொழில் பாதுகாப்புச் சட்டம் என்றே ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுக் காகிதத்துக்குத் தீர்வையை உயர்த்தி, உள்நாட்டில் மூங்கிலிலிருந்து காகிதம் செய்வோரைக் காப்பது அதன் நோக்கம். அதாவது, மூங்கிலை மரமாக்கி உழவனின் கையைக் கட்டுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே ஆலைக்காரருக்கு ஆதரவுச் சட்டம் பிறந்துவிட்டது!

விடுதலைக்குப் பின்னும் அந்தப் போக்கு மாறவில்லை. கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், 1950-களின் இறுதியில் தொடங்கிய ஒரு காகித ஆலைக்கு மூங்கில் டன் ஒன்று ஒன்றரை ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. நேயர்கள் சரியாகத்தான் கேட்டீர்கள், டன் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய். அதே காட்டோரத்தில் கூடை முடைந்து பிழைத்த குடும்பங்கள் சந்தையில் மூங்கிலுக்கு அதைப்போல் பல நூறு மடங்கு விலை கொடுத்தன. காடு மெலிந்தது, மூங்கில் குறைந்தது. ஆலை மேலும் தொலைவிலிருந்து வரவழைத்துக்கொண்டது. கூடைக்காரர்களால் அப்படி வரவழைக்க முடியுமா? 1970-களின் நடுப்பகுதியில் அவர்கள் அரசிடம் முறையிட்டார்கள். மாநில அரசு, மூங்கில் ஏன் குறைகிறது என்று ஆராயும்படி இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மாதவ் காட்கில் என்ற சூழலியல் அறிஞரைக் கேட்டுக்கொண்டது.

அந்த ஆய்வில் வெளிவந்த ஒரு செய்தி, பாடம் நடத்துவோர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தக் காட்டு மூங்கில் முள் மூங்கில். புதரின் அடிப்பகுதியில் முள் கிளைகள் பின்னிக்கொண்டு வேலி போல நிற்கும். இந்த முள் அடைசலால் முளைகள் நெருக்கப்பட்டு வளர்ச்சி கெடுகிறது என்று வனத்துறை நினைத்தது. அடியைச் சுத்தம் செய்யும்படி ஆணையிட்டது, அதற்காகச் செலவும் செய்தது. ஊர் மக்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். முள்ளை எடுத்தால் இளமுளையை மாடும் காட்டு விலங்கும் தின்றுவிடும், முள்தான் முளைக்குக் காவல் என்றார்கள். அளந்து பார்த்தபோது ஊரார் சொன்னதே சரியாக இருந்தது. நல்லெண்ணத்தோடு, அரசுப் பணத்தைச் செலவிட்டு, மூங்கிலை அழித்துக்கொண்டிருந்தார்கள்! எழுத்தறியாத கூடைக்காரருக்குத் தெரிந்தது, பட்டம் பெற்றவர்களுக்குத் தெரியவில்லை. மாணவர்களுக்குச் சோதனை வழி அறிவியல் கற்பிக்கும்போது நாங்கள் இந்த எடுத்துக்காட்டை அடிக்கடி பயன்படுத்துவதுண்டு. முதலில் கேள், பிறகு அள, அதற்குப் பிறகு ஆணையிடு என்று சொல்வோம்.

இனிப் பண உதவிக்கு வருவோம். இந்தியாவில் தேசிய மூங்கில் இயக்கம் 2006-07-இல் தொடங்கப்பட்டது. இடையில் அது தோட்டக்கலைத் திட்டம் ஒன்றின் உறுப்பாக இணைக்கப்பட்டது. சட்டம் திருத்தப்பட்ட பின்னர், 2018 ஏப்ரலில், புதிய வடிவில் மீண்டும் ஏற்கப்பட்டது. இரண்டு நிதியாண்டுகளுக்கு 1,290 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தனி உழவர் மூங்கில் நட்டால் செலவில் பாதியை அரசு ஏற்கும். அந்தப் பாதியையும் ஒரே தவணையில் கொடுப்பதில்லை. முதல் ஆண்டில் கூடுதலாகவும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் குறைவாகவும் பிரித்துக் கொடுப்பார்கள்.

மூன்றாண்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது நல்ல ஏற்பாடு என்பது எங்கள் கருத்து. காரணம் மூங்கிலின் இயல்பில் இருக்கிறது. ஐந்து மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஒரு ஹெக்டேரில் நானூறு குத்துகள் நிற்கும். நட்ட முதல் ஆண்டில் விரல் பருமனில் குச்சிகள் வரும். இரண்டாம் ஆண்டு முளை சற்றுப் பெருக்கும். ஒவ்வோர் ஆண்டும் மண்ணுக்கு அடியில் கிழங்கு பரவப் பரவ, புதிதாக வரும் முளை முந்தியதைவிடப் பருமனாக இருக்கும். விற்கத்தக்க கழி கிடைக்க நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆகிவிடும். அதுவரை உழவனுக்கு அந்த நிலத்திலிருந்து வருமானம் இல்லை. களை எடுக்க வேண்டும், மாடு மேயாமல் பார்க்க வேண்டும், வறண்ட மாதத்தில் நீர் விட வேண்டும். நட்ட அன்றே மானியத்தை முழுதாகக் கொடுத்துவிட்டால் கன்று அடுத்த கோடையைத் தாண்டாது. கன்று நின்றால் அடுத்த தவணை என்பது இந்தச் சிக்கலுக்குச் சரியான விடை.

ஐந்தாம் ஆண்டிலிருந்து மூங்கில் கைமாறு செய்யத் தொடங்கும். அதன்பின் ஆண்டுதோறும் வெட்டலாம். பல பத்தாண்டுகளுக்கு மறுநடவு இல்லை. ஆனால் வெட்டவும் ஒரு முறை உண்டு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட முற்றிய கழிகளைத்தான் வெட்ட வேண்டும். அந்த ஆண்டு முளைத்ததையும் முந்திய ஆண்டு முளைத்ததையும் விட்டுவிட வேண்டும், அவைதாம் அடுத்த முளைக்குச் சோறூட்டும் தாய்கள். முளை வெளிவரும் பருவத்தில் கத்தி வைக்கக் கூடாது. தரையிலிருந்து முதல் கணுவுக்கோ இரண்டாம் கணுவுக்கோ சற்று மேலே வெட்டினால் வெட்டுவாயில் கிண்ணம் போல் நீர் தங்காது. எளிது என்று வெளிவட்டக் கழிகளை மட்டும் வெட்டிக்கொண்டே போனால் இளங்கழிகள்தாம் வீணாகும், உள்ளே முதிர்ந்தவை நெருங்கிச் செத்துப்போகும். கன்று கொடுக்கும் அலுவலர் இதையும் சேர்த்துக் கற்பித்தால்தான் கொடுத்த கன்றுக்கு மதிப்பு.

அடுத்தது விற்பனை. மூங்கில் உள்ளே கூடாக இருப்பதால், முழுக் கழியாக ஏற்றினால் லாரி பாதி காற்றைத்தான் சுமந்து போகும். தொலைவிலுள்ள ஆலைக்கு அனுப்பினால் வாடகைக்கே பணம் போய்விடும். ஆகவே வளரும் இடத்துக்கு அருகிலேயே பிளந்து, சீவி, பதப்படுத்தும் பட்டறைகள் வேண்டும். மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. அதை உண்ண வரும் சிறு வண்டு கழியைத் துளைத்துப் பொடியாக்கிவிடும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்தால் வண்டு அண்டாது. புதிய இயக்கம் இத்தகைய பதப்படுத்தும் நிலையங்களுக்கும் பட்டறைகளுக்கும் உதவி ஒதுக்கியது. பழைய திட்டம் நடவிலேயே கண்ணாக இருந்து, விற்பனையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை என்ற குறையை அரசே உணர்ந்ததன் அடையாளம் இது.

வாங்குவோர் இல்லாமல் போனால் என்ன நேரும் என்பதை அஸ்ஸாம் மாநிலம் காட்டியது. அங்கே அரசுக்குச் சொந்தமான இரண்டு காகித ஆலைகள் இருந்தன. இரண்டும் மூங்கிலை நம்பி நடந்தவை. கச்சார் ஆலை 2015 அக்டோபரிலும் நகாவ் ஆலை 2017 மார்ச்சிலும் உற்பத்தியை நிறுத்தின. தொழிலாளர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். காட்டில் மூங்கில் வெட்டி ஆற்று வழியும் சாலை வழியும் அனுப்பி வந்தவர்களுக்கும் வாங்க ஆள் இல்லை. எட்டு மாதம் கழித்து அதே 2017-இல்தான் சட்டத்திலிருந்து மூங்கில் விடுபட்டது. கதவு திறந்தது, ஆனால் வெளியே சந்தை மூடிக் கிடந்தது.

இப்போது அஸ்ஸாமின் நுமாலிகட் என்னும் ஊரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எரிபொருள் எடுக்கும் ஆலை எழுந்துள்ளது. 2025 செப்டம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஐந்து இலட்சம் டன் பச்சை மூங்கில் அதற்குத் தேவை. பெரிய வாய்ப்புத்தான். ஆனால் ஒரே ஒரு பெரிய ஆலையை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் நிற்பது எவ்வளவு பாதுகாப்பு என்பதை அந்த மாநிலம் முன்பே ஒருமுறை பார்த்துவிட்டது. விலையை யார் முடிவு செய்வார்கள், கூடை முடைவோருக்கு மூங்கில் மிஞ்சுமா என்பனவற்றை இனிமேல்தான் காண வேண்டும்.

நம் வீட்டு ஊதுவத்திக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வத்தி உருட்டும் தொழில் பெங்களூர், மைசூர்ப் பக்கம் பெருகியது. அதன் குச்சியோ தொலைவிலுள்ள திரிபுராவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்தபடியே மூங்கிலைச் சீவிக் குச்சியாக்கிப் பிழைத்தார்கள். வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் இயந்திரத்தில் சீவிய உருண்டைக் குச்சி மலிவாக வந்து இறங்கியதும் அந்தப் பெண்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. 2020 சூனில் இந்திய அரசு மூங்கில் குச்சிக்கான இறக்குமதித் தீர்வையைப் பத்து விழுக்காட்டிலிருந்து இருபத்தைந்து விழுக்காடாக உயர்த்தியது. தீர்வை என்பது கண்ணுக்குத் தெரியாத மானியம். 1925-இல் ஆலைக்காரருக்குக் கிடைத்த நிழல், தொண்ணூற்றைந்து ஆண்டு கழித்துக் குச்சி சீவும் பெண்ணுக்கும் கிடைத்தது. இதனால் வத்தி விலை சற்று ஏறினால் நாம் முணுமுணுக்கத்தான் செய்வோம். அது வேறு செய்தி.

இவற்றை மனத்தில் வைத்து நம் நாட்டைப் பார்ப்போம். மலேசியாவில் செமந்தான், பெத்தோங், லெமாங் என்று பயன்மிக்க மூங்கில் வகைகள் பல உண்டு. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் பல்லாண்டுகளாக இவற்றை ஆராய்ந்து வருகிறது. அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் இதுவரை சந்தைக்கு வந்த மூங்கிலில் பெரும்பகுதி காட்டில் தானாக வளர்ந்தது. வெட்டியவர்களில் ஒராங் அஸ்லி மக்கள் பலர். நடப்பட்ட மூங்கில் தோட்டம் இப்போதுதான் பேசப்படுகிறது. நம் அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசுகளின் பொறுப்பு. எனவே கூட்டரசு திட்டம் வகுத்தாலும் உரிமமும் நிலமும் மாநிலத்தின் கையில்தான் இருக்கும். இந்தியாவில் தலைநகரச் சட்டத்துக்கும் மாநில விதிக்கும் இடையே உழவர் அகப்பட்டுக்கொண்டதை நாம் இப்போதுதான் கண்டோம்.

தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்டதுண்டு. நேர்மையாகச் சொன்னால், சொந்த நிலம் இல்லாதவருக்கு நடவு மானியத்தால் பயனில்லை. லயத்துக்குப் பின்னால் ஆற்றோரம் நிற்கும் மூங்கில் குத்து நிறுவனத்தின் நிலத்தில் நிற்கிறது. ஐந்து ஆண்டு காத்திருந்து வெட்டவேண்டிய பயிரை, அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்று தெரியாத குடும்பம் நடாது. ஆனால் பிளக்கவும் பதப்படுத்தவும் பொருள் செய்யவும் தெரிந்த கைகளுக்கு நிலம் வேண்டியதில்லை. பட்டறையும் பயிற்சியும் தோட்டங்களுக்கு அருகில் வந்தால் நம் இளைஞர்கள் அங்கே நுழைய முடியும். கிராமப்புறத்தில் ஓரிரு ஏக்கர் வைத்திருப்போர் நடவிரும்பினால், கன்று விற்பவரின் பேச்சை நம்பி மட்டும் இறங்க வேண்டாம். எந்த வகை, யார் வாங்குவார், எவ்வளவு தொலைவு, வெட்டிக் கொண்டுபோக உரிமம் வேண்டுமா என்று நான்கு கேள்விகளை மாவட்ட வன அலுவலகத்திலும் மரத்தொழில் வாரியத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னும் ஒரு செய்தியைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க இயலாது. இந்தியாவின் வடகிழக்கில் மிசோராம் மலைகளில் மௌ என்ற மூங்கில் வகை மண்டிக் கிடக்கிறது. ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மலைமலையாக ஒரே காலத்தில் பூக்கும். பூத்துக் காய்த்தபின் செத்துப்போகும். காய் பேரிக்காய் அளவு இருக்கும். அதைத் தின்று எலிகள் அளவின்றிப் பெருகும். காய் தீர்ந்ததும் எலிக்கூட்டம் நெல் வயல்களிலும் களஞ்சியங்களிலும் இறங்கும். மிசோ முதியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் இதை மௌதாம், அதாவது மூங்கில் சாவு என்று அழைப்பார்கள்.

அந்த மலைகள் அப்போது அஸ்ஸாம் மாநிலத்தைச் சேர்ந்திருந்தன. 1958 அக்டோபரில் மிசோ மாவட்ட மன்றம், பூப்பு நெருங்குகிறது, பஞ்சம் வரும், முன்னேற்பாட்டுக்குப் பதினைந்து இலட்சம் ரூபாய் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி அரசைக் கேட்டது. மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பது பழங்குடி நம்பிக்கை, அறிவியல் அன்று என்று சொல்லி அஸ்ஸாம் அரசு மறுத்துவிட்டது. 1959-இல் மூங்கில் பூத்தது. எலி வந்தது. பஞ்சமும் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்கென்று மக்கள் அமைத்த முன்னணி 1961-இல் அரசியல் கட்சியாக மாறியது. 1966-இல் அதுவே ஆயுதம் ஏந்திக் கிளர்ந்தெழுந்தது. 1986-இல் உடன்பாடு ஏற்படும் வரை இருபது ஆண்டுகள் அந்த மலைகளில் அமைதி இல்லை.

அடுத்த பூப்பு 2007-ஐ ஒட்டி வந்தது. இம்முறை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. மாநில அரசு சில ஆண்டுகளுக்கு முன்பே திட்டம் தீட்டியது. கொன்ற எலியின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் காசு கொடுத்தார்கள். அப்படியும் பல ஊர்களில் விளைச்சல் அழிந்து மக்கள் துன்புற்றார்கள், என்றாலும் 1959-இல் கண்ட கொடுமை திரும்பவில்லை. கணக்குப்படி அந்த மலைகளில் மூங்கில் மறுபடியும் பூப்பது 2055-ஐ ஒட்டி. இன்று நம் பள்ளிகளில் முதலாம் ஆண்டில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்போது முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது ஆகியிருக்கும்.